கை தவறி விழுந்தது

ஜூன் 9, திங்கள்

இன்று கோபமாக இருக்கிறேன். அதனால் எழுத்து பெரிதாக வருகிறது. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது.

போன் உடைந்துவிட்டது. கை தவறி விழுந்தது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று நானே படித்தேன். எல்லாம் புரிந்தது. எழுபத்தொரு வயதில் இது ஒரு தனி சுகம். நேற்றைய சொரிமுத்து சொன்னதை இன்றைய சொரிமுத்து கேட்கிறான். நடுவில் வாசித்துச் சொல்ல ஆள் கிடையாது.

ஆனால் கோபம் குறையவில்லை.

போனில் மேலே இரண்டு விரல் அகலம் மட்டும் தெரிகிறது. மணி, தேதி. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. கண்ணாடி, பையில் நசுங்கிய அப்பளம் மாதிரி இருக்கிறது. தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. மகள் முப்பிடாதி ஆறு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனில் அவள் அம்மா உலகம்மாளைக் கூப்பிட்டாள்.

உலகம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே மகளிடம் பேசினாள்.

"கை தவறிட்டுன்னு சொல்லுதாவ. கை தவறினா கீழ விழும். இவுக போனு எதுத்த செவுத்துக்குல்லா போயிருக்கு."

சுவரில் காரை பெயர்ந்திருப்பது பழசு. அதை நான் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 11, புதன்

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாகுல் போன் பழுது பார்க்கிறான். முப்பது வயது இருக்கும். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெரியவரே, யார் மேல எறிஞ்சிய?"

"கை தவறி விழுந்தது."

"சரி, விழுந்ததுன்னே வச்சுக்கிடுவோம். ஒரிஜினல் டிஸ்பிளே போட்டா ஐயாயிரத்து இருநூறு. டூப்ளிகேட்டு ரெண்டாயிரத்து நூறு. அதுல கலரு கொஞ்சம் மங்கும். சில நேரம் ரெண்டு தடவை தொட்டாத்தான் கேக்கும்."

"வேற வழி?"

"புதுசு வாங்கலாம், மாசத் தவணையில."

"அதுவும் இல்லன்னா?"

"போனே இல்லாம இருக்கலாம். அதுக்குக் காசு கிடையாது."

எனக்கு ஒரே பயம்தான். உள்ளே இருக்கிற எழுத்தெல்லாம் போய்விடுமா என்று கேட்டேன்.

"டிஸ்பிளேங்கிறது சன்னலு மாதிரி பெரியவரே. சன்னலை மாத்தினா வீட்டுக்குள்ள இருக்க சாமான் எங்கயாவது போகுமா?"

கையைக் கிழிக்காமல் இருக்க செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. இப்போது போன் கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது.

ஜூன் 12, வியாழன்

என்னத்துக்கு இவ்வளவு கோபம் என்று எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் தொட மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. நான், முப்பிடாதி, திருப்பூரில் இருக்கிற மகன் மாசானம், மருமகன், மருமகள். எனக்குச் சொல்ல வேண்டியதைக் குரலில் அனுப்புவார்கள். எழுத்தில் வருவது என் விஷயம் இல்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். எழுத்து வந்தால் தள்ளிவிட்டுக் குரலுக்குப் போய்விடுவேன்.

போன வருடம் ஜூனில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குத் தெரியும். கையெழுத்துப் போடப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. தெருவில் போகிற பஸ்ஸின் ஊர்ப் பலகை, உப்புப் பாக்கெட், கோயில் உபயதாரர் கல்வெட்டு எல்லாம் படித்தாகிவிட்டது. போன திங்கள்கிழமை, படிக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. குரூப்பைத் திறந்து பழைய எழுத்துகளை மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டே போனேன். மருமகனின் சர்க்கரை வியாதி மாத்திரை, பேரனின் மார்க்கு, மருமகளின் கோபம். கதை மாதிரி இருந்தது.

அப்போது இது வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் படித்தேன், அதனால் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

முப்பிடாதி: இன்னைக்கும் அப்பா அந்த ஊமையாளைப் பத்தித்தான் பேசுறாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

மாசானம்: யாருன்னு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது. தெரிஞ்சா கண்ணைத் தோண்டித் திருப்பிக் குடுத்துருவாரு.

அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம், ஏழு.

என் முன்னாலேயே, என் கையில் இருக்கிற போனிலேயே, என்னைப் பற்றிச் சிரித்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக. நான் அதைச் சட்டைப் பையில் போட்டுச் சுமந்திருக்கிறேன்.

பிறகுதான் போன் கை தவறியது.

ஜூன் 13, வெள்ளி

ஊமையாளைப் பற்றி எழுத வேண்டும்.

போன வருடம் தை மாதம் திருநெல்வேலியில் எனக்கு வலது கண்ணில் ஆபரேசன். இடது கண் அப்போது வெறும் புகை. உலகம்மாளுக்குக் காய்ச்சல், மகளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலை, மகனுக்கு லீவு இல்லை. "ஆஸ்பத்திரியிலயே ஒரு ஆள் போட்டிருக்கோம்பா, வாய் பேச வராது, ஆனா நல்ல ஆளு" என்றாள் முப்பிடாதி.

இரண்டு நாள் என் இடது பக்கமே உட்கார்ந்திருந்தான். முகத்தில் முகமூடி. எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தெரியும். இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சட்னியில் தோய்க்காமல் சீனியில் தோய்த்து ஊட்டினான். எனக்குச் சீனி பிடிக்கும் என்று யார் சொன்னார்களோ. கழிப்பறைக்குப் போனால் தோளைப் பிடிக்க மாட்டான், முழங்கையைப் பிடிப்பான். அதுதான் சரியான பிடி. மூட்டை தூக்கினவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும்போது பத்து ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

அந்த மாதிரி மனிதன் இந்தக் காலத்தில் இல்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் உள்ளே போய்ச் சிரித்திருக்கிறார்கள்.

மேலே இன்னும் எழுத்து இருக்கிறது. அவன் யார் என்று அதில் இருக்கும். மகளிடம் கேட்க மாட்டேன். கேட்டால் ஒரு பொய் சொல்லுவாள், அழித்தும் விடுவாள். யாரும் வாசித்துச் சொல்லாமல் நானே படிக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மாசானம் பக்கத்து வீட்டுப் போனில் வந்தான்.

"அப்பா, எம் பழைய போனை பார்சல்ல போட்டு விடுதேன். அந்த ஓட்டையைத் தூக்கிப் போடுங்க."

"உம் போனு எனக்கு எதுக்குல? எனக்கு இதுதான் வேணும்."

"ஏம்ப்பா, அதுல அப்படி என்ன இருக்கு?"

போனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று நல்ல நாள். போன் வந்த பெட்டியில் உலகம்மாள் பின்னூசியும் பொத்தானும் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பார்த்தேன். அடியில் மடித்த தாள். நானே படித்தேன்: 'திரைப் பாதுகாப்புத் திட்டம். இரண்டு ஆண்டுகள்.' வாங்கும்போதே எழுநூற்று ஐம்பது ரூபாய் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவே இல்லை. கீழே ஒரு ஊதாக் கறை. என் கட்டை விரல்.

தாளை எடுத்துக்கொண்டு சாகுலிடம் ஓடினேன்.

"அட, இது இருந்தா முந்நூறு ரூவாயோட ஒரிஜினலே போட்டுக் குடுப்பாவ. அந்தக் கடைக்கே போங்க. ஒண்ணு மட்டும், வேணும்னு எறிஞ்சதுன்னு தெரிஞ்சா ஒரு பைசா தேறாது. கை தவறி விழுந்ததுன்னு எழுதுங்க."

போன் வாங்கிய பெரிய கடையில் ஒரு பாரம் கொடுத்தார்கள். 'சேதம் ஏற்பட்ட விதத்தைச் சொந்தக் கையால் எழுதவும்' என்று இருந்தது. ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். வகுப்புக்கு வெளியே ஒரு ஆபீஸுக்கு நான் எழுதுகிற முதல் எழுத்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்: கை தவறி விழுந்தது.

ஒன்பது எழுத்து. ஒரு பிழை கிடையாது. கீழே 'மு. சொரிமுத்து' என்று கையெழுத்துப் போட்டு, கடைசி எழுத்தின் வாலை இழுத்தும் விட்டேன்.

வரும் வழியில் பக்கோடா வாங்கினேன்.

ஜூன் 24, செவ்வாய்

பாரம் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். கடைப் பெண் வாசித்துச் சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டு நானே படித்தேன். 'கையொப்பம் பதிவுடன் பொருந்தவில்லை.'

"தாத்தா, வாங்கும்போது கைரேகை வச்சிருக்கீங்க. இப்ப கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆளுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டும் ஒரே ஆளு இல்லம்மா. நான் இப்பம் படிச்சிட்டேன்."

"சந்தோஷம் தாத்தா. கட்டை விரலை வையுங்க, இன்னைக்கே அனுப்பிருதேன்."

மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வகுப்பில் முதல் முதலாகப் பெயர் எழுதிய அன்று, டீச்சர் என் கட்டை விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இனிமேல் இதற்கு இட்லி பிய்க்கிற வேலை மட்டும்தான் என்று சொன்னார். முப்பது பேர் கை தட்டினார்கள்.

"படிக்காதவனுக்கு போன் சரி பண்ணிக் குடுப்பிய, படிச்சவனுக்குக் குடுக்க மாட்டியளோ? இது என்னம்மா ஞாயம்?"

"ரூல்ஸு தாத்தா."

அந்தக் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தும்போது கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன். உடையவில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் உலகம்மாள் கேட்டாள். "ஒரு பொட்டு மை. வச்சா என்ன, விரலு தேஞ்சா போவும்?"

"ஒனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது சரி. அந்தப் பாரத்துல என்ன எழுதுனிய?"

வாசித்துக் காட்டினேன். "கை தவறி விழுந்தது."

அவள் சுவரைப் பார்த்தாள். அரிசி களையப் போய்விட்டாள்.

நான் பாரத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ தாளில் விரல் வைத்திருக்கிறேன். மில்லில், பேங்கில், ரேஷனில். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. பொய்யாக இருந்தாலும் அது எழுதியவனுடைய பொய். இது அப்படி இல்லை. நானே எழுதி, நானே படித்துப் பார்த்து, கீழே என் பெயரைப் போட்டு வாலையும் இழுத்து விட்டிருக்கிறேன்.

கிழித்துப் போட்டேன். நாலாக.

நான்தான் எறிந்தேன். பலமாகத்தான் எறிந்தேன். எழுதிவிட்டேன், போதுமா.

ஜூன் 30, திங்கள்

வியாழக்கிழமையில் இருந்து நாலு நாள், முன்பு வேலை பார்த்த அரிசி மில்லில் மூட்டைக்கு வாய் தைத்தேன். தூக்க முடியாது, தைக்க முடியும். மேஸ்திரி கிண்டல் செய்தான்.

"என்ன சொரிமுத்தண்ணே, படிச்சவுக எல்லாம் சாக்கு தைக்க வந்துட்டிய?"

"மூட்டையில அம்பது கிலோன்னு போட்டிருக்கு, நாப்பத்தெட்டுதான் இருக்கு. படிச்சவன் வந்தா ஒனக்குத்தாம்ல ஆபத்து."

சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சாகுலிடம் டூப்ளிகேட் போடச் சொல்லிவிட்டேன். பற்றாத பணத்தை உலகம்மாள் கொடுத்தாள். எங்கிருந்து என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஜூலை 2, புதன்

போன் வந்தது. கலர் மங்கல்தான். முப்பிடாதி படத்தில் நோயாளி மாதிரி இருக்கிறாள். எழுத்து தெரிகிறது.

கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

முப்பிடாதி: சித்தப்பா வந்துட்டாங்க. அப்பாவுக்கு இடது பக்கம் உக்காந்துருக்காங்க.

மாசானம்: பேசிர மாட்டாரே?

முப்பிடாதி: வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காங்க. இருமல் வந்தாக்கூட வெளிய போய் இருமிட்டு வாராங்க.

மாசானம்: அப்பா என்ன செய்யிறாரு?

முப்பிடாதி: அவங்க ஊமைன்னு நெனச்சுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுறாங்க. பாவமா இருக்கு.

பிறகு மறுநாள்:

முப்பிடாதி: அப்பா பத்து ரூபா குடுத்தாங்க. சித்தப்பா பஸ் ஏறுற வரைக்கும் அந்த நோட்டைக் கையிலயே வச்சிருந்தாங்க.

சித்தப்பா என்றால் சங்கிலி. என் தம்பி. முக்கூடலில் இருக்கிறான். பதினேழு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. செத்தாலும் வரக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். உலகம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"நாந்தான் போன் போட்டு வரச் சொன்னேன். காய்ச்சல்ல கெடந்தேன். ஒங்களை யாருகிட்ட விட?"

"அவன் ஊட்டின சோத்தத் தின்னுட்டு இருந்திருக்கேன்!"

"தின்னியள்லா. செரிச்சுதுல்லா. விடுங்க."

ஜூலை 3, வியாழன்

தகரப் பெட்டியின் அடியில் இருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தேன். சங்கிலி மகன் கல்யாணப் பத்திரிகை. சொந்த அண்ணன் பெயரைப் போடாமல் அடித்த பத்திரிகை. அன்றைக்கு என் மச்சினன் வாசித்துச் சொன்னான். அவ்வளவுதான், கல்யாணத்துக்குப் போகவில்லை, பேச்சும் நின்றது. ஆனால் அதை நான் படித்தது இல்லை.

இன்று படித்தேன். மூன்று தடவை, விரல் வைத்து. செத்துப்போன எங்கள் அப்பா முத்தையா பெயர் இருக்கிறது. தாய்மாமன்கள் நாலு பேரும் இருக்கிறார்கள். அவன் பெண்டாட்டியின் தங்கை புருஷன் பெயர்கூட இருக்கிறது.

சொரிமுத்து இல்லை.

நான் சொன்னது சரி! பதினேழு வருடமும் நான் கோபப்பட்டது சரி! சந்தோஷத்தில் உலகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு குசி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் போகிறேன். இதை அவன் மூஞ்சியில் எறிய வேண்டும். இது உடையாது.

ஜூலை 6, ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விடக் கூடாது.

பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். அவன் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

"ஏல ஊமைப் பயலே! வெளிய வால!"

சங்கிலி வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அந்தப் பேனா சின்ன வயதில் இருந்தே உண்டு. எங்கள் குடும்பத்தில் பேனா வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

"இன்னுமால நடிக்க? பேசுல!"

"சத்தியம் பண்ணிருந்தேன்ணே. முடிஞ்சுதான்னு தெரியல."

"எம் பத்து ரூவாயக் குடு."

"அன்னைக்கே டீ குடிச்சிட்டேன்."

"பொய் சொல்லுத. எழுத்துல இருக்கு. நான் படிச்சிட்டேன்."

அவன் முகம் மாறியது. "படிச்சியா? நீயா?"

"நாந்தான். இந்தா, இதையும் படிச்சேன். எம் பேரு எங்கல? வாசிச்சுக் காட்டு!"

பத்திரிகையை அவன் மேல் எறிந்தேன். அவன் குனிந்து எடுத்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண்ணையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவன் கண் எழுத்தோடு நகரும். அவன் கண் நகரவில்லை. தாளின் நடுவில் ஒரே இடத்தில் நின்றது.

போன வருடம் வரைக்கும் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

"ஏல சங்கிலி. ஒனக்கு..."

"மெதுவாப் பேசுண்ணே. உள்ள மருமக இருக்கா."

திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அச்சாபீஸ்ல மொத பேரா ஒம் பேரத்தாம்ணே சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். அடிச்சுக் குடுத்து, 'சரியான்னு பாருங்க'ன்னான். நான் பாத்தேன். சரின்னேன். ஐநூறு பத்திரிகையும் ஊரெல்லாம் நானே குடுத்தேன். நீ கல்யாணத்துக்கு வராதப்பந்தான் வெசயமே தெரியும்."

"வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா? பொண்ணு வீட்டுல எல்லாம் என்னை எட்டாப்பு படிச்சவன்னு நெனச்சுட்டு இருந்தாவ. இன்னைக்கி வரைக்கும் நெனச்சுட்டு இருக்காவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எச்சில் தெறிக்கத் திட்டினேன். அவனும் விடவில்லை.

"நீ மட்டும் என்ன? எவனோ வாசிச்சான்னு நம்பிட்டு, ஒரு வார்த்தை கேட்டியா எங்கிட்ட? பெரிய அண்ணன்!"

"நீ ஏன்ல சட்டினிக்குப் பதிலு சீனியைத் தொட்டு ஊட்டின? அப்பமே எனக்கு..."

நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லு. அப்பமே ஒனக்கு என்ன? மூணாவது இட்லிக்கு 'போதும்ல'ன்னு சொன்னியே. ஆஸ்பத்திரி ஆளுகிட்டயா 'ல' போட்டுப் பேசுவ?"

நான் எல்லாரையும் அப்படித்தான் பேசுவேன் என்று சொன்னேன்.

பிறகு பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கினேன். எழுதவில்லை. உதறினேன், ஊதினேன். உள்ளே மை காய்ந்து எத்தனை வருடமோ. என் பேனாவை எடுத்தேன். அப்பா பெயருக்கும் மாமன்கள் பெயருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன். வாலை இழுக்க இடம் பற்றவில்லை.

சங்கிலி எட்டிப் பார்த்தான்.

"எழுதிட்டியா? இது ஒம் பேருதானா? என்னைத் திட்டி எழுதலையே?"

"சந்தேகம்னா படிச்சுட்டு வால."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மருமகள் இட்லி வைத்தாள். சங்கிலி சீனி டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

ஜூலை 7, திங்கள்

குரூப்பில் முதல் முதலாக எழுதினேன். டூப்ளிகேட் திரை, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. கால் மணி நேரம் ஆனது.

'ஊமையாள் நேற்றுப் பேசிவிட்டான். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மஞ்சள் முகம் ஏழையும் எண்ணிவிட்டேன்.'

அனுப்பினேன். முப்பிடாதி எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. மாசானமும் அதேபோல். பத்து நிமிடம் இரண்டு பேரும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

கடைசியில் மாசானத்திடம் இருந்து குரல் வந்தது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

நான் அதைத் தொடவில்லை. கீழே எழுதினேன்:

'எழுது.'